ஒன்பது பெட்டிக்கு ஓர் எஞ்சின்

தீயணைப்பு நிலையத்துக் கூடம்.
பிப்ரவரிச் சனிக்கிழமை.
சிவப்பு லாரிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
உள்ளே நாற்பது மேசைகளில் தகர ரயில்கள்.
நுழைவு ஆறு டாலர். காப்பி இலவசம்;
ஒரு வாய் குடித்ததும் காரணம் புரிந்தது.

வெர்னாவின் கையில் ரொட்டிப் பெட்டி.
அதற்குள் துவாலையில் சுற்றிய
அவளுடைய சரக்கு ரயில்:
எண்ணெய் டாங்கர் ஒன்று,
மரக்கட்டை ஏற்றும் தட்டு வண்டி இரண்டு,
மாட்டுப் பெட்டி ஒன்று (கதவு திறக்கும், மாடு கிடையாது),
நிலக்கரித் தொட்டி நான்கு,
வாலில், கூரை நசுங்கிய கார்டு பெட்டி.
ஏலத்தில் மொத்தமாக எடுத்தாள்.
எஞ்சின் எங்கே என்றதற்கு
"தலை தனி விலைக்குப் போயிற்று அம்மா"
என்றானாம் ஏலக்காரன்.

நான் நீலத்தைக் காட்டினேன்.
பித்தளைக் குழாய், நிக்கல் வளையம்,
முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படி ஓர் எனாமல்.
"இது சாப்பாட்டுக் கார் இழுக்கப் பிறந்தது, லூடர்.
இதன் பின்னால் நிலக்கரியை மாட்டுவது
கல்யாணக் கோட்டோடு தொழுவம் கழுவுகிற மாதிரி."

அடுத்தது கறுப்பு. கனம். எட்டுச் சக்கரம்.
எனக்கே ஆசையாக இருந்தது.
அவள் சக்கர விளிம்பில் நகத்தை வைத்தாள்,
விளிம்பு பிஸ்கட் போல உதிர்ந்தது.
எண்பது வருடத்துக்கு முன்
உருக்கிய துத்தநாகத்தில் யாரோ கவனிக்காத
ஒரு துளி ஈயம்.
மேலே வண்ணம் மட்டும் கலையாமல்,
மருத்துவரிடம் போகாத மனிதரைப் போல.

பச்சை மின்சார எஞ்சினுக்கு இரண்டு விளக்கு,
நாலு ஜன்னல், ஒரு குறை:
அகல வளைவு கேட்கும்.
எங்கள் நிலவறையில் தண்டவாளம்
கொதிகலனைச் சுற்றி
இடுப்பை ஒடித்துக்கொண்டுதான் திரும்பும்.

மேசைக்கு அடியில் செருப்பு அட்டைப்பெட்டி.
அதில் ஒரு யார்டு எஞ்சின், சப்பை மூக்கு,
ஒரு பக்கக் கைப்பிடி போய்
காகித ஊசியை வளைத்துச் செருகியிருந்தது.
சீட்டில் பென்சிலால்:
பின்னோக்கி மட்டும். நாற்பத்தைந்து.

"அதை உதிரிபாகத்துக்கு வைத்திருக்கிறேன்,"
எல்வுட் ஸ்டௌஃபர் வெட்கப்பட்டார்.
"திசை மாற்றி உள்ளே இறுகிக்கிடக்கிறது."

வெர்னா ரொட்டிப் பெட்டியைத் திறந்தாள்.
அவருடைய சோதனைத் தண்டவாளம் பன்னிரண்டு அடி, சமதளம்.
அவளோ அனுமதி கேட்காமல்
ஒரு முனைக்கு அடியில் இரண்டு விலைப்பட்டியல்களைச் செருகினாள்.
யார்டில் இருபத்தாறு வருடம்
பெட்டி கோத்துப் பிரித்தவள்;
சமதளத்தில் எல்லாரும் நல்லவர்கள் என்பாள்.

முதலில் நீலம். எனக்காக.
ஐந்தாவது பெட்டியில் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்றது,
ஐஸில் மாட்டிய டாக்சி போல.

பிறகு சப்பை மூக்கு.
அதன் முன்கொக்கியில் ஒன்பதையும் கோத்தாள்.
மின்சாரம் ஏற ஏற ஒரு முனகல்,
சூடான எண்ணெய் வாசனை, ஒரு நீலப் பொறி,
பிறகு
பின்னோக்கி, மேட்டில்,
நிதானமாக, ஒவ்வொரு கொக்கியாக இறுக,
கார்டு பெட்டியும் வந்து சேர்ந்தது.

"முன்பக்கம் எது என்று
பெட்டிகளுக்குத் தெரியுமா?" என்றாள்.
ஸ்டௌஃபர் நாற்பதுக்குத் தந்தார்.
அட்டைப்பெட்டி சும்மா.

இப்போது இரவில் கொதிகலனைச் சுற்றி அது ஓடுகிறது.
மற்ற எஞ்சின்கள் பாதையைப் பார்த்து ஓடும்.
இது முகத்தைச் சரக்கின் பக்கம் வைத்து,
ஒற்றை மஞ்சள் விளக்கில்
எண்ணிக்கொண்டே போகிறது.

நேற்று நான்காம் தொட்டியில்
ஒரு உப்பு பிஸ்கட் வைத்தேன்.
மூன்றாவது சுற்றில் காணோம்.
வெர்னா எதிர்ச்சுவரைப் பார்த்து
மென்றுகொண்டிருந்தாள்.
எஞ்சினைக் கேட்கலாம்.
அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது.